பாங்கும் பெட்ரோலும்
1949-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் ஆஸ்திரேலிய வாக்காளர் எண்ணியது என்ன?

தேர்தல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தலைவர்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். இன்னார் வென்றார், இன்னார் தோற்றார், இன்ன கட்சி ஆட்சிக்கு வந்தது என்பதோடு ஏடு முடிந்துவிடுகிறது. வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிய சுரங்கத் தொழிலாளியும், பாங்குக் குமாஸ்தாவும், பால் பண்ணைக்காரனும், அடுக்களையில் தேயிலையை அளந்து போட்ட இல்லத்தரசியும் என்ன எண்ணி அந்தச் சீட்டை நிரப்பினர் என்ற வினாவை எழுப்புவோர் சிலரே. குடியாட்சியின் உயிர்நிலை அந்த வினாவில்தான் இருக்கிறது. அதனை ஆராய்வதற்கு 1949-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் நடந்த பொதுத் தேர்தல் மிகவும் ஏற்றது.

அன்று ஆட்சியில் இருந்தது தொழிற் கட்சி. பிரதம மந்திரி பென் சிப்லி. எதிர்த்து நின்றது ராபர்ட் மென்ஸீஸின் லிபரல் கட்சியும், ஆர்தர் பாடனின் நாட்டுப்புறக் கட்சியும் சேர்ந்த கூட்டணி. சமதர்மமா, தனிமனித சுதந்திரமா என்ற பெரும் போராட்டமாக இரு தரப்பாரும் அத்தேர்தலை வருணித்தனர். ஆனால் வாக்காளர்களின் பேச்சில் பெரிதும் அடிபட்டவை பாங்குக் கணக்கும், பெட்ரோல் சீட்டும், வெண்ணெயும், நிலக்கரியும் ஆகும். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்களித்தோர் யார்?

ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது உரிமை மட்டுமன்று. சட்டப்படியான கடமையும் ஆகும். 1922-ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 59 பேரளவிலேயே வாக்களித்தனர். இதனைக் கண்டு 1924-இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தக்க காரணமின்றி வராதவருக்கு இரண்டு பவுன் வரை அபராதம் என்று சட்டம் கூறிற்று. 1925-இல் நடந்த அடுத்த தேர்தலிலேயே வாக்களித்தோர் தொகை நூற்றுக்கு 91-க்கு மேல் உயர்ந்தது. (சிங்கப்பூரிலும் 1959-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் வாக்களிப்பது கட்டாயமாயிற்று.) 1949-இல் பதிவு பெற்ற வாக்காளர் ஏறக்குறைய 49 இலட்சம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 96 பேர் வாக்களித்தனர்.

இதன் பயன் யாது? அரசியலில் ஆர்வமுடையோர் மட்டும் வாக்களிக்கும் நாடுகளில், கட்சிகள் தம் ஆதரவாளரை வாக்குச் சாவடிக்கு அழைத்து வருவதிலேயே முனைந்து நிற்கும். எல்லோரும் வந்தே தீர வேண்டிய நாட்டிலோ, அரசியலைப் பற்றி வாரத்தில் ஐந்து நிமிடங்கூட நினையாதவனின் ஓட்டும் கணக்கில் ஏறுகிறது. ஆகவே அவன் மனத்தை அறிந்தாக வேண்டிய நிலை ஏற்படுகிறது.

ஆனால் ‘எல்லோரும்’ என்ற சொல்லைக் கவனத்தோடு கையாள வேண்டும். அந்நாட்டின் ஆதிகுடிகளுள் மாநில வாக்குரிமை பெற்றிருந்தோருக்கும், படையில் பணிபுரிந்தோருக்கும் மட்டுமே 1949-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசு வாக்குரிமையை உறுதி செய்தது. ஏனையோருக்கு அவ்வுரிமை 1962-இல்தான் வந்தது. ஆசியரும் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தனர். அவ்விலக்கிலிருந்து முதலில் விடுபட்டோர் இந்தியர். 1922-இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் ஆஸ்திரேலியா சென்று வாதாடியவர், தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அதன்பின் 1925-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கே குடியிருந்த பிரிட்டிஷ் இந்தியருக்கு வாக்குரிமை கிடைத்தது. எனவே 1949-இல் வாக்களித்தோருள் அச்சிறு கூட்டத்தாரும் இருந்தனர்.

மக்கள் மனத்தை அறிந்த வழிகள்

பாமரரின் கருத்தை இன்று எவ்வாறு அறிவது என்ற ஐயம் எழலாம். அதற்கு அக்காலத்திலேயே சில கருவிகள் தோன்றியிருந்தன. மெல்பர்ன் நகரின் பத்திரிகை அதிபர் கீத் மர்டாக், ராய் மார்கன் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பிக் கருத்துக் கணிப்பு முறையைக் கற்றுவரச் செய்தார். 1941 முதல் மார்கனின் ஆட்கள் வீடுவீடாகச் சென்று கேள்வி கேட்டு, விடைகளைத் தொகுத்து வெளியிட்டனர். பத்திரிகைகளுக்கு வந்த வாசகர் கடிதங்கள் இன்னொரு சான்று. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் குவிந்த மகஜர்கள் மற்றொன்று.

வானொலியும் இதில் பெரும் பங்கு கொண்டது. 1946 ஜூலை முதல் பாராளுமன்ற விவாதங்கள் நேரே ஒலிபரப்பாயின. 1948-49-இல் லிபரல் கட்சி ‘ஜான் ஹென்றி ஆஸ்ட்ரல்’ என்ற கற்பனைப் பாத்திரத்தைப் படைத்து, சாதாரண மனிதனின் குரலில் அரசாங்கத்தைச் சாடும் சிறு நாடகங்களை நாடெங்கும் ஒலிபரப்பிற்று. பாமரனிடம் பேசுவதற்குப் பாமரனைப் போன்ற ஒருவனையே உண்டாக்கினர் என்றால், அவன் கருத்துக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பது விளங்கும்.

இவை எல்லாவற்றினும் திட்டமான சான்று பொதுஜன வாக்கெடுப்பு ஆகும். ஆஸ்திரேலிய அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் மக்களிடமே நேரில் கேட்க வேண்டும். நாடு முழுவதிலும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களுள் நான்கிலேனும் பெரும்பான்மையும் கிடைத்தாலன்றித் திருத்தம் நிறைவேறாது. இவ்வாக்கெடுப்புக்களில் மக்கள் அளித்த விடைகளைப் பின்னர்க் காணலாம்.

எஞ்சின் ஓட்டியும் பாங்குகளும்

சிப்லி நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் பாதர்ஸ்ட் ஊரில் 1885-இல் பிறந்தவர். ரயில்வேயில் சேர்ந்து எஞ்சின் ஓட்டுபவராக உயர்ந்தவர். 1917-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலை நீக்கம் பெற்று, பின்னர்க் கீழ்ப்பதவியில் மீண்டும் சேர்க்கப்பட்டவர். பிரதம மந்திரியான பின்னும் கான்பராவில் ஒரு சாதாரண ஹோட்டல் அறையிலேயே தங்கி வந்தார். அவருடைய நேர்மையை எதிரிகளும் ஐயுற்றதில்லை.

1930-களின் பொருளாதார மந்தம் அவர் உள்ளத்தில் ஆறாத வடுவை உண்டாக்கியிருந்தது. 1932-இல் தொழிற்சங்க உறுப்பினருள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் வேலையின்றித் தவித்தனர். அன்றைய தொழிற் கட்சி அரசாங்கம் வேலை தரும் திட்டங்களுக்குக் கடன் கேட்டபோது, பாங்குகளை ஆண்டோர் இணங்கவில்லை. அந்த அரசாங்கத்தில் மந்திரியாக இருந்த சிப்லி 1931-இல் தம் தொகுதியையும் இழந்தார். பின்னர் 1935 முதல் 1937 வரை பாங்குகளைப் பற்றி விசாரித்த அரச ஆணைக் குழுவில் உறுப்பினராக இருந்து, பாங்குத் தொழில் பொதுமக்கள் நலத்துக்காக அரசுடைமையாக வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார்.

1945-இல் அவர் பிரதம மந்திரியானார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட பாங்குச் சட்டத்தின் ஒரு பிரிவு, மாநில அரசுகளும் நகரசபைகளும் தனியார் பாங்குகளில் கணக்கு வைப்பதற்குத் தடையாக இருந்தது. மெல்பர்ன் நகரசபை வழக்குத் தொடுத்தது. 1947 ஆகஸ்ட் 13-இல் உயர் நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூன்றே நாட்களில், ஆகஸ்ட் 16-இல், தனியார் பாங்குகள் அனைத்தையும் நாட்டுடைமையாக்கப் போவதாகச் சிப்லி அறிவித்தார்.

இந்த அறிவிப்பை மக்கள் எவ்வாறு ஏற்றனர்? மந்தத்தில் வீட்டையும் வேலையையும் இழந்த முதியோர் பலர் சிப்லியின் காரணத்தை உணர்ந்தனர். ஆனால் 1947-இல் எல்லோருக்கும் வேலை இருந்தது. போர்க்காலத்தில் சேர்த்த சிறு சேமிப்பும் கையில் இருந்தது. பாங்கு நெருக்கடி என்பது இளைஞருக்குத் தந்தையர் சொல்லும் பழங்கதை. ஒரே பாங்குதான் இருக்கும், அதுவும் அரசாங்கத்தின் கையில் இருக்கும் என்றால், கடன் மறுக்கப்பட்டவன் வேறெங்கே போவான் என்று சிறு வணிகனும் குடியானவனும் கேட்டனர்.

பாங்குக் குமாஸ்தாக்களின் எதிர்ப்பே அனைத்தினும் வலியதாக இருந்தது. தாம் விரும்பாமலே அரசாங்க ஊழியராக்கப்படுவோம் என்று அஞ்சிய அவர்கள், வீடுவீடாகச் சென்று பிரசாரம் செய்தனர். முதலாளிகளின் எதிர்ப்பாக மட்டும் இருந்திருந்தால் தொழிலாளர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டில் வாழும் குமாஸ்தா வாசலில் வந்து நின்றபோது நிலைமை வேறாயிற்று. உயர் நீதிமன்றம் 1948 ஆகஸ்டில் அச்சட்டம் செல்லாது என்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1949 ஜூலையில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வழக்கு முடிந்தது, மக்களின் அச்சம் முடியவில்லை.

புதுக் காரும் பழைய பங்கீடும்

1948 நவம்பர் 29-இல், ஆஸ்திரேலியாவிலேயே செய்யப்பட்ட ஹோல்டன் காரைச் சிப்லியே அறிமுகம் செய்துவைத்தார். அதன் விலை 733 பவுன். சராசரித் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய இரண்டாண்டுக் கூலி. எனினும் சொந்தக் கார் என்பது எட்டாக் கனியாக இருந்த நிலை மாறி, எட்டிப் பார்க்கத்தக்க ஆசையாயிற்று. அந்த ஆசையை வளர்த்தவரே, அந்தக் காருக்குரிய பெட்ரோலை அளந்து கொடுக்கவும் நேர்ந்தது வரலாற்றின் விந்தையாகும்.

ஏன் அளக்க வேண்டியிருந்தது? அக்காலத்தில் ஆஸ்திரேலியா பெட்ரோலுக்கு இறக்குமதியையே நம்பியிருந்தது. அதற்கு டாலர் வேண்டும். பவுன் நாணய வட்டத்தைச் சேர்ந்த நாடுகள் அனைத்தும் தாம் ஈட்டிய டாலரை இலண்டனில் ஒரே நிதியில் சேர்த்து வைத்தன. மலாயாவின் ரப்பரும் ஈயமும் அந்நிதிக்கு டாலர் ஈட்டித் தந்த குடியேற்ற நாட்டுப் பொருள்களுள் தலையானவை. தோட்டத்துத் தமிழன் விடியலில் வெட்டிய பாலும், மெல்பர்ன் நகரத்துக் கார்க்காரன் ஊற்றிய பெட்ரோலும் ஒரே கணக்கேட்டில் வரவும் செலவுமாக எழுதப்பட்டன என்று சொல்லலாம். 1949-இல் டாலர் கையிருப்புக் கரைந்தபோது, செலவைக் காற்பங்கு குறைக்குமாறு பிரிட்டன் கேட்டுக்கொண்டது. செப்டம்பரில் பவுனின் மதிப்பும் குறைக்கப்பட்டது.

இதனிடையே, போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு இனியும் பெட்ரோல் பங்கீடு நடத்த இயலாது என்று உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. பங்கீடு நின்றது. மக்கள் பெட்ரோலை வாங்கிச் சேர்த்து வைத்தனர், தட்டுப்பாடு மிகுந்தது. பிரிட்டனைக் கைவிடலாகாது என்று கருதிய சிப்லி, மாநிலங்களின் ஒத்துழைப்பைப் பெற்று, நவம்பர் நடுவில் பங்கீட்டை மீண்டும் கொண்டுவந்தார். தேர்தலுக்கு இருந்தது நான்கே வாரம்! பாடன் பங்கீட்டை ஒழிப்போம் என்றார். கூட்டணியின் வாக்குறுதியாக அது நாடெங்கும் பரவிற்று. டாலர்க் கணக்கை விளக்கச் சிப்லிக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ‘பங்கீடு ஒழியும்’ என்று சொல்ல ஒரு நொடி போதும்.

அடுக்களையும் இருட்டும்

இல்லத்தரசியரின் எண்ணத்தைத் தனியே கூற வேண்டும். துணிப் பங்கீடும் இறைச்சிப் பங்கீடும் 1948-இல் நீங்கிவிட்டன. ஆனால் போர் முடிந்து நான்காண்டுகள் கழிந்தும் தேயிலைக்கும் வெண்ணெய்க்கும் சீட்டு வேண்டியிருந்தது. வெண்ணெயை ஏற்றுமதி செய்யும் நாட்டில் வெண்ணெய்க்குப் பங்கீடா என்ற கேள்வி எழுந்தது. அதனைப் பிரிட்டனின் பசித்த மக்களுக்காகப் பொறுத்தோரும் உண்டு. பொறுமை இழந்தோரும் உண்டு. போரிலிருந்து திரும்பி மணம் புரிந்த இளைஞர் பலர் வீடு கிடைக்காமல் மாமனார் வீட்டு அறையில் குடித்தனம் நடத்தினர். அதுகாறும் இரண்டாம் குழந்தை முதலே வாரம் பத்து ஷில்லிங் குழந்தை உதவித் தொகை கிடைத்துவந்தது. முதற் குழந்தைக்கும் ஐந்து ஷில்லிங் தருவோம் என்று மென்ஸீஸ் வாக்களித்தார். உதவித் தொகையைத் தாயின் கையிலேயே கொடுப்பது வழக்கமாதலின், அவ்வாக்குறுதி யாரை நோக்கியது என்பது தெளிவு.

1949 ஜூன் 27-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய 23,000 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வாரம் 35 மணி வேலை, 30 ஷில்லிங் கூலி உயர்வு, நீண்ட கால ஊழியத்திற்கு விடுமுறை என்பன அவர்கள் கோரிக்கை. அது அங்கே குளிர்காலம். சிட்னியில் மின்சாரமும் எரிவாயுவும் சுருங்கின. ஆலைகள் மூடப்பட்டுப் பல இலட்சம் பேர் வேலையின்றி நின்றனர். சங்கத் தலைமையில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு இருந்ததால், அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்க முனைகின்றனர் என்று அரசாங்கம் கருதிற்று. சங்க நிதியை வேலைநிறுத்தத்துக்குச் செலவிடுவதைச் சட்டம் தடுத்தது. தலைவர்கள் சிலர் சிறை சென்றனர். ஆகஸ்ட் முதல் நாள் இராணுவ வீரர் சுரங்கங்களில் இறங்கினர். ஏழு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது.

அந்த வேலைநிறுத்தத்தை முறித்தவர், 1917-இல் வேலைநிறுத்தம் செய்து தண்டனை பெற்ற அதே எஞ்சின் ஓட்டிதான்! சிப்லிக்கு அது எத்துணை வேதனை தந்திருக்கும்! ஆயினும் அதனால் அவருக்கு எப்பக்கத்திலும் நன்மை விளையவில்லை. தொழிலாளருள் ஒரு சாரார், தம் கட்சியே தம்மீது படையை ஏவியது என்று மனம் கசந்தனர். நடுத்தர வகுப்பார், இருட்டில் குளிரில் உட்கார்ந்திருந்ததை மட்டுமே நினைவில் வைத்தனர்.

முடிவும் அதன் பொருளும்

பாராளுமன்றம் அவ்வாண்டு விரிவாக்கப்பட்டிருந்தது. கீழ்ச் சபையில் முழு வாக்குரிமையுடைய 121 இடங்களுள் கூட்டணி 74-ஐயும், தொழிற் கட்சி 47-ஐயும் பெற்றன. எனினும் தொழிற் கட்சிக்கு நூற்றுக்கு 46 முதல் விருப்ப வாக்குகள் கிடைத்தன என்பதை மறக்கலாகாது. நாடு அடியோடு மாறிவிடவில்லை. நூற்றுக்குச் சிலர் மாறினர்.

ஐந்து ஷில்லிங்குக்கும் ஒரு காலன் பெட்ரோலுக்கும் மக்கள் நல்லதொரு மனிதரை விற்றுவிட்டனர் என்று சிப்லியின் அன்பர் சிலர் வருந்தினர். இக்கருத்து நியாயமானதா? இங்கேதான் பொதுஜன வாக்கெடுப்புக்களைச் சேர்த்து நோக்க வேண்டும்.

1946 செப்டம்பரில், சமூக நல உதவிகள் வழங்கும் அதிகாரத்தைக் கூட்டரசுக்குத் தரலாமா என்று மக்களைக் கேட்டனர். ஆறு மாநிலங்களும் தரலாம் என்றன. 1948 மே மாதத்தில், விலைவாசியையும் வாடகையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நிரந்தரமாகத் தரலாமா என்று கேட்டனர். ஆறு மாநிலங்களும் கூடாது என்றன. 1949-இல், பாங்குகளைக் கைப்பற்ற முனைந்த அரசாங்கத்தை மக்கள் விலக்கினர்.

மென்ஸீஸ் இதனைத் தமக்குக் கிடைத்த முழு வெற்றி என்று கருதியிருக்கலாம். கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைக்க அவர் இயற்றிய சட்டத்தை 1951 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. ஏப்ரலில் அவர் மீண்டும் தேர்தலில் வென்றார். ஜூன் 13-இல் சிப்லி காலமானார். செப்டம்பர் 22-இல், அக்கட்சியைத் தடை செய்யும் அதிகாரத்தைக் கேட்டு மென்ஸீஸ் மக்கள் முன் சென்றார். தொடக்கத்தில் கருத்துக் கணிப்புக்கள் அவருக்குப் பெரும் ஆதரவைக் காட்டின. தொழிற் கட்சியின் புதிய தலைவர் எவாட் ஊர் ஊராகச் சென்று எதிர்த்துப் பேசினார். முடிவில் ஆதரவு வாக்குகள் நூற்றுக்கு 49-க்குச் சற்று மேல். மூன்று மாநிலங்களே இசைந்தன. கோரிக்கை தோற்றது.

இந்நான்கு விடைகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்போருக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். அரசாங்கம் உதவி செய்வதாகச் சொன்னபோது மக்கள் ஏற்றனர். அரசாங்கம் கூடுதல் அதிகாரம் கேட்டபோது மறுத்தனர். கேட்டவர் சிப்லியாக இருந்தாலும் மறுத்தனர். மென்ஸீஸாக இருந்தாலும் மறுத்தனர். பாங்கு விஷயத்தில் குமாஸ்தா கேட்டதும், தடை விஷயத்தில் தொழிலாளி கேட்டதும் ஒரே கேள்விதான்: ‘இந்த அதிகாரம் நாளை என்மீது திரும்பினால் நான் எங்கே போவேன்?’ அரசியல் நூல்களைக் கல்லாத மக்கள் கேட்ட இக்கேள்வி, அரசியல் நூல்களின் அடிப்படைக் கேள்வியே ஆகும்.

ஆனால் வாக்காளர் தவறே செய்யவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. பங்கீட்டுக்கு அடியில் இருந்த டாலர்க் கணக்கை அவர்கள் ஆராயவில்லை. பவுனுக்கு மீண்டும் மதிப்பை உண்டாக்குவோம் என்ற வாக்குறுதியை நம்பினர். 1950 பிப்ரவரியில் பெட்ரோல் பங்கீடு ஒழிந்தது உண்மை. தேயிலையும் வெண்ணெயும் அவ்வாண்டே விடுதலை பெற்றன. ஆனால் கொரியப் போரினால் கம்பளி விலை வானளாவ உயர்ந்து, 1951-52-இல் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 20-க்கு மேல் ஏறிற்று. பவுனின் மதிப்பு முன்னிலும் தாழ்ந்தது. மேலும், மலாயாவின் அவசர காலப் போரில் தலையிடச் சிப்லி தயங்கி வந்தார். மென்ஸீஸ் அரசாங்கமோ 1950-இல் விமானப் படைப் பிரிவுகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிற்று. தெங்கா நிலையத்திலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலியக் குண்டு விமானங்கள் மலாயாக் காடுகளின்மீது பறந்தன. பெட்ரோலை நினைத்து ஓட்டளித்த மெல்பர்ன் வாசி, அந்த ஓட்டு எங்கே சென்று முடியும் என்பதை அறிந்திருக்க மாட்டான்.

பள்ளிகளில் குடிமையியல் கற்பிப்போர் இவ்வரலாற்றை மாணவருக்கு எடுத்துக் கூறலாம். வாக்காளன் தன் வீட்டு வாசலிலிருந்துதான் நாட்டைப் பார்க்கிறான். அது குறையன்று, அங்கிருந்தே கூடக் கூடுதல் அதிகாரத்தின் அபாயம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் டாலர் நிதியும், கொரியாவும், மலாயாவும் அந்த வாசலிலிருந்து தெரியவில்லை. அவற்றையும் அவனுக்குக் காட்டுவது யார் வேலை? தேர்தல் மேடையில் நிற்பவர் அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு நொடியில் சொல்லக்கூடியதையே அவர் நாடுவார். ஒரு மணி நேரம் எடுத்து விளக்கும் பொறுமை பத்திரிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் வேண்டும்.